மார்னர் போய்விட்டார், அடுத்தது ரைலியா? லீஃப்ஸ் பின்வரிசை பற்றிக் கதைப்போம்

நீலக்கோடு

என்எச்எல் லீக்கில் ஆடும் எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியைப் பற்றியது இது. வீரர் சந்தை திறக்கும் 2025 ஜூலை முதலாம் திகதி கடந்து இரண்டு கிழமை ஆகிறது. முன்வரிசையாளர் மிச் மார்னர் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார், பதிலுக்கு நிக்கொலா ருவா வந்திருக்கிறார். டவாரஸ் சம்பளத்தைப் பெரிதாகக் குறைத்துக்கொண்டு நான்கு வருடத்துக்குத் தங்கிவிட்டார். மத்யூ நைஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம். அணியின் மரபணுவே மாறவேண்டும் என்று முகாமையாளர் ட்ரெலிவிங் மே மாதமே சொல்லியிருந்தார். அந்த மாற்றத்தில் அடுத்து யார் என்று கேட்டால் ரொறன்ரோ முழுக்க ஒரே பெயர்தான் அடிபடுகிறது: பின்வரிசைக்காரர் மோர்கன் ரைலி. 44-ஆம் இலக்கச் சட்டைக்காரரை அனுப்பு, வருடத்துக்கு 7.5 மில்லியன் டொலர் மிச்சம் பிடி, அந்தக் காசில் ஒரு முன்வரிசை ஆளை எடு. இதுதான் எல்லாரும் சொல்வது.

நான் இதற்கு முற்றாக எதிர். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பின்வரிசையை, அதாவது தடுப்பாட்டக்காரரை, ஒரு தடவை வரிசையாகப் பாருங்கள். கிறிஸ் டானெவ் உடம்பைக் குறுக்கே போட்டு அடியைத் தடுப்பவர். ஜேக் மக்கேப் மோதி ஆளை நிறுத்துபவர். பிரண்டன் கார்லோ உயரம், நீளமான கை, வலைக்கு முன்னால் துப்புரவு வேலை. பெனுவாவும் அதே வகை. எக்மன்-லார்சனுக்குப் பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) கையாளத் தெரியும், ஆனால் இந்த மாதம் 34 வயது. சொந்த வலைக்குப் பின்னால் பக்கை எடுத்து, எதிராளி இருவரைக் கடந்து, நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடியவர் ரைலி ஒருவர்தான். இதுவரை அந்த வேலையில் பாதியை மார்னர் செய்தார். முன்வரிசை ஆளாக இருந்தும் பின்னுக்கு இறங்கிவந்து பக்கை வாங்கிப் போவார். அவரும் இப்போது இல்லை.

"போன வருடம் 41 புள்ளிதானே" என்கிறார்கள். சரி, கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து 82 ஆட்டத்தில் 41. அதற்கு முந்தைய பருவத்தில் 72 ஆட்டத்தில் 58. ஒரே வருடத்தில் ஆட்டத்தை மறந்துவிட்டாரா? கடந்த பருவத்தில் முதலாவது பவர்பிளேயில் (எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) ஐந்து முன்வரிசையாளரை இறக்கி, மேலே நீலக்கோட்டில் மார்னரை நிறுத்தினார்கள். ரைலி இரண்டாவது பவர்பிளேக் குழுவுக்குப் போனார். இருந்த இடத்தைப் பறித்துவிட்டுப் புள்ளி குறைந்தது என்று குற்றம் சொல்வது நியாயமில்லை.

மார்னர் போனதால் அந்த இடம் இப்போது காலியாகக் கிடக்கிறது. அதில் நிற்க ஆள் தேவைப்படுகிற அதே கோடையில், அங்கே பல வருடம் நின்றவரை விற்கச் சொல்கிறோம்.

ஸ்காபரோ செல்வன்

அண்ணை, நீங்கள் எழுதினது 2019-ல் இருந்த ரைலியைப் பற்றி. அந்த வருசம் 20 கோல், 72 புள்ளி, சிறந்த பின்வரிசைக்காரருக்கான நொரிஸ் விருது வாக்கெடுப்பில ஐஞ்சாம் இடம். அதை ஒருத்தரும் மறுக்கேல்ல. ஆனா இப்ப அவருக்கு 31 வயசு. ஒப்பந்தம் 2030 வரைக்கும் ஓடுது.

இந்த மேயில பிளேஓஃப் எண்ட கடைசிக்கட்டச் சுற்றுகளில புளோரிடாவோட நடந்த தொடரைத் திரும்பப் பாருங்கோ. முதல் ரெண்டு ஆட்டமும் எங்கட. மூண்டாவதில 2-0 எண்டு முன்னுக்கு நிண்டம். பிறகு என்ன நடந்தது? அவங்கள் பக்கை எங்கட மூலைக்குள்ள போட்டுட்டு ரெண்டு பேராப் பாய, எங்கட ஆக்களால வெளியில எடுக்க ஏலாமப் போச்சு. ரைலியும் அதுக்குள்ளதான் நிண்டவர். ஐஞ்சாவது ஆட்டம் சொந்த அரங்கில 6-1 எண்டு தோத்தம். ஏழாவதும் சொந்த அரங்கில 6-1. கொண்டுபோறவர், கொண்டுபோறவர் எண்டு சொல்லுறியள், அந்த ரெண்டு இரவும் பக்கை யார் வெளியில கொண்டுபோனது?

இன்னொண்டு. 2024 பெப்ரவரியில ஒட்டாவாவின்ர ரிட்லி கிரெய்க் வெறும் வலைக்குள்ள ஓங்கி அடிச்சதுக்காக ரைலி அவரைத் தடியால முகத்தடியில தள்ளி, ஐஞ்சு ஆட்டத் தடை வாங்கினவர். அந்த ஐஞ்சு ஆட்டத்தையும் லீஃப்ஸ் வெண்டது. ஐஞ்சுக்கு ஐஞ்சு. அவர் இல்லாட்டி பின்வரிசை இடிஞ்சு விழும் எண்டவைக்கு இது பதில்.

அதோட இடது பக்கத்தைப் பாருங்கோ. ரைலி, மக்கேப், எக்மன்-லார்சன், பெனுவா, நாலு பேரும் இடதுகை. வலதுகையெண்டா டானெவ், கார்லோ, அதுக்குப் பிறகு மயர்ஸ். நெரிசல் உள்ள பக்கத்திலதான் அதிகச் சம்பளமும் இருக்கு. விக்கிறதெண்டா அங்கதான் விக்கவேணும்.

மிசிசாகா மணி

வணக்கம். நான் ஹாக்கியைத் தொடர்ந்து பார்க்க ஆரம்பிச்சது இங்க குடிவந்த பிறகுதான், அதனால ஒரு அடிப்படைக் கேள்வி. ஐபிஎல்ல வீரரை விட்டுட்டா அடுத்த ஏலத்துல அந்தப் பணம் கைக்கு வந்துடும். இங்க ஒருத்தரை ட்ரேட் பண்ணா சம்பளம் முழுசா அந்தப் பக்கம் போயிடுமா? அப்புறம், ரைலி வேண்டாம்னு சொன்னா அனுப்பவே முடியாதுன்னு கேள்விப்பட்டேன். அது நிஜமா?

கணக்குப்பிள்ளை

மணி, இரண்டாவது கேள்விக்கு முதல் பதில்: ஆம். ரைலியின் ஒப்பந்தத்தில் இப்போது முழுமையான இடமாற்றத் தடை இருக்கிறது. அவர் கையெழுத்திட்டுச் சம்மதிக்காமல் எந்த அணிக்கும் அனுப்ப முடியாது. அவர் இரண்டு ஊருக்குத்தான் சம்மதம் என்று சொன்னால், ட்ரெலிவிங் பேரம் பேசுவதும் அந்த இரண்டு ஊரோடு மட்டும்தான். அந்த இரண்டு முகாமையாளருக்கும் அது தெரிந்திருக்கும், விலை அங்கேயே விழுந்துவிடும்.

முதலாவது கேள்வி: வழக்கமாகச் சம்பளம் முழுவதும் எடுப்பவர் தலையில் போகும். விற்கும் அணி விரும்பினால் பாதிவரை தானே சுமக்கலாம். அப்படிச் சுமந்தால் ஒப்பந்தம் முடியும்வரை சுமக்கவேண்டும், ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் சுமக்கவும் முடியாது. ரைலிக்குப் பாதி என்றால் வருடம் 3.75 மில்லியன், இன்னும் ஐந்து பருவம். வேறு சீருடையில் ஓடும் ஆளுக்காக 2030 வரை எங்கள் சம்பள உச்சவரம்பில் (ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளம்) ஓர் ஓட்டை.

செல்வன் போன்றவர்கள் பார்க்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இந்த ஒப்பந்தம் தொடங்கிய 2022-23 பருவத்தில் உச்சவரம்பு 82.5 மில்லியன். அதில் 7.5 என்பது 9.1 வீதம். வரும் பருவத்தில் உச்சவரம்பு 95.5, ரைலியின் பங்கு 7.9 வீதம். அதற்கடுத்த பருவத்துக்கு 104 என்று லீக் ஏற்கெனவே அறிவித்திருக்கிறது, அப்போது 7.2. அதன்பின் 113.5, அப்போது 6.6. ரைலியின் சம்பளம் ஒரு சதம்கூட மாறாமலே ஒவ்வொரு வருடமும் மலிவாகிறது.

இந்த ஜூலைச் சந்தையையும் பாருங்கள். கரோலைனா கே'ஆண்ட்ரே மில்லரை எடுத்து எட்டு வருடத்துக்கு அதே 7.5 கொடுத்தது. போன பருவத்தில் அவருக்கு 27 புள்ளி. புரோவோரோவை வைத்துக்கொள்ளக் கொலம்பஸ் ஏழு வருடத்துக்கு 8.5 கொடுத்தது. நியூயோர்க் ரேஞ்சர்ஸ் கவ்ரிகோவுக்கு ஏழு வருடத்துக்கு 7 கொடுத்தது. இவர்கள் எல்லாரும் ரைலியை விட இளையவர்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் ரைலியை அனுப்பிவிட்டு அந்த 7.5-ஐக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனால் எப்படிப்பட்ட ஆள் கிடைப்பார் என்பதற்கு இதுதான் விலைப்பட்டியல். அதுவும் நல்ல பெயர்கள் எல்லாம் ஏற்கெனவே போய்விட்ட பிறகு.

கார்டன்ஸ் காலத்தவர்

பிள்ளையள், நான் லீஃப்ஸை மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் எண்ட பழைய அரங்கின்ர காலத்தில இருந்து பாக்கிறன். இந்த ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கு. அணி தோத்தா முதல் குற்றவாளி பக்கை வைச்சு விளையாடுற பின்வரிசைக்காரன்தான். முன்வரிசையில ஒருத்தன் பிழைவிட்டா அது நடுத்திடலோட போகும். பின்வரிசைக்காரன் பிழைவிட்டா அது வலைக்குள்ள முடியும், எல்லாற்ற கண்ணிலயும் படும்.

லாரி மர்ஃபியை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? பிட்ஸ்பேர்க்கில ரெண்டு தரம் சம்பியனா ஸ்டான்லி கோப்பை எடுத்துப்போட்டு 1995-ல இங்க வந்தவர். வந்த முதல் பருவத்தில 61 புள்ளி. ஆனா ஆள் வேகமில்லை, சம்பளம் கூட. ரெண்டாம் வருசம் கார்டன்ஸில அவர் பக்கைத் தொட்டாலே கூ எண்டு கத்தத் தொடங்கிச்சினம். சொந்த ஆக்களே. 1997 மார்ச்சில டிட்ரொய்ட்டுக்குக் குடுத்தாங்கள். உருப்படியா ஒரு ஆளும் பதிலுக்கு வரேல்ல. மர்ஃபி அங்க போய் அவங்கட பெரிய பின்வரிசைக்காரன் லிட்ஸ்ட்ரொமுக்குப் பக்கத்தில நிண்டு அந்த வருசமே கோப்பை தூக்கினார், அடுத்த வருசமும் தூக்கினார். பிறகு ஹோல் ஒஃப் ஃபேமுக்கும் போனார். மனுசன் இங்க எப்பிடி விளையாடினாரோ அங்கயும் அப்பிடித்தான் விளையாடினார். பக்கத்தில நிண்ட ஆளும் அணியும்தான் வேற.

பிரையன் மக்கேப்பின்ர கதையும் அதுதான். இப்ப இருக்கிற ஜேக் மக்கேப் இல்லை, இது பழைய ஆள். 2007 ஒக்டோபரில பஃபலோவோட மேலதிக நேரத்தில பக்கைத் தன்ர வலைக்குள்ளயே தட்டிப்போட்டார். அதுக்குப் பிறகு அவரை விடேல்ல. அடுத்த வருசம் புளோரிடாவுக்கு அனுப்பிவிட்டினம்.

காபர்லே? 2008-ல அணி கேட்டும் இடமாற்றத்துக்குச் சம்மதம் குடுக்கமாட்டன் எண்டு நிண்ட ஐஞ்சு பேரில ஒருத்தர். 2011 பெப்ரவரியில ஒருமாதிரி பொஸ்ரனுக்கு அனுப்பிச்சினம், ஜூனில பொஸ்ரன் கோப்பை எடுத்தது. எங்களுக்குக் கிடைச்சது ஜோ கோல்போர்னும் டிராஃப்ட் தெரிவுகளும், அதாவது புது இளம் வீரரைத் தெரிவுசெய்யிற உரிமையும். அதில வந்த முதல்சுற்றுத் தெரிவையும் எங்கட இரண்டாம் சுற்று ஒண்டையும் அனஹைமுக்குக் குடுத்து, மேல ஏறி டைலர் பிக்ஸ் எண்ட பெடியனை எடுத்தாங்கள். அவர் என்எச்எல்லில ஒரு ஆட்டம்கூட ஆடேல்ல. அனஹைம் அந்த ரெண்டு தெரிவிலயும் ரிக்கார்ட் ரக்கெலையும் கோலி ஜோன் கிப்சனையும் எடுத்தது.

விக்கவே கூடாது எண்டு நான் சொல்லேல்ல. 2016 பெப்ரவரியில ஃபனூஃபை ஒட்டாவாவுக்கு வித்தது சரியான வேலை. அப்ப அணி கடைசி இடத்தில கிடந்தது, எல்லாத்தையும் பிரிச்சுக் கட்டுற நேரம், அவற்ற ஏழு மில்லியன் 2021 வரைக்கும் இருந்தது. அந்தக் கோடையிலதான் மத்யூஸை முதலாவதாத் தெரிவு செய்தம். ஆனா இப்ப இருக்கிற அணி 108 புள்ளியோட பிரிவில முதலாவதா வந்த அணி. பிரிச்சுக் கட்டுற அணிக்கு உள்ள நியாயத்தை இதுக்குப் பொருத்த ஏலாது.

ஸ்காபரோ செல்வன்

ஐயா, மர்ஃபி கதை எனக்கும் அப்பா சொன்னவர். ஆனா அதை வைச்சு எந்தப் பின்வரிசைக்காரனையும் எக்காலமும் விக்கக்கூடாது எண்டு ஆகாது. டிட்ரொய்ட்டுக்கு லிட்ஸ்ட்ரொம் இருந்தவர். எங்களிட்ட அப்பிடி ஒருத்தர் இல்லை. எங்களிட்ட ரைலிக்குப் பக்கத்தில ஆரை நிப்பாட்டினாலும் ஒண்டு ரெண்டு வருசத்தில சோடி மாறுது. ஹெய்ன்ஸி, பாரி, ப்ரோடி, லில்யெக்ரென், டானெவ், கார்லோ. எத்தனை பேரிலதான் பிழை இருக்கும்?

ரிங்க் அம்மா

செல்வன் தம்பி, அந்தச் சோடி விசயத்தைத்தான் நானும் எழுத வந்தன்.

என்ர மகள் டிஃபென்ஸ் விளையாடுறா. அதால நான் ஆட்டம் பாக்கேக்க பக்கைப் பாக்கிறதை விட்டுட்டுப் பின்வரிசைக்காரரின்ர கழுத்தைப் பாக்கப் பழகீட்டன். பக் மூலைக்குள்ள உருளேக்க, அதை எடுக்கப் போறவர் போற வழியில தோளுக்கு மேலால எத்தனை தரம் திரும்பிப் பாக்கிறார் எண்டு பாருங்கோ. ரைலி ரெண்டு தரம் பாப்பார். பக்கைத் தொடமுதலே எங்க திரும்பிறது எண்டு அவருக்கு முடிவாயிருக்கும். அதுக்குப் பிறகு முதல் மூண்டு எட்டு. அதில அவருக்குக் கிட்ட வரக்கூடிய ஆள் எங்கட பின்வரிசையில இண்டைக்கும் இல்லை.

அவரிட்ட குறை இருக்கு. எதிராளி வேகமா நேர வரேக்க இடைவெளியைக் கூட விட்டுக்குடுத்துப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருப்பார். நீலக்கோட்டில மறிக்கவேண்டியவனைத் தன்ர வட்டத்துக்குள்ள வரவிடுவார். வலைக்கு முன்னால தடியைத் தூக்கி மறிக்கிறதிலயும் பலமில்லை. இது பழக்கதோசம், 31 வயசில மாறாது.

அதாலதான் அவருக்குப் பக்கத்தில நிக்கிறவர் வலதுகைக்காரரா, வீட்டை விட்டு நகராதவரா இருக்கவேணும். 2023 பிளேஓஃபை நினைச்சுப் பாருங்கோ. பக்கத்தில லூக் ஷென். ஷென் ஒரு இடத்துக்கும் ஓடேல்ல, வலைக்கு முன்னால நிண்டு வாறவனை இடிச்சுக்கொண்டு நிண்டார். அந்தத் துணிவில ரைலி மேல போனார். 11 ஆட்டத்தில 12 புள்ளி. தம்பா தொடரின்ர மூண்டாவது ஆட்டத்தில மேலதிக நேரக் கோலும் அவற்றதான். 2004-க்குப் பிறகு லீஃப்ஸ் வெண்ட முதல் தொடர் அது. அந்தக் கோடையில ஷென்னைப் போகவிட்டாங்கள்.

செல்வன் சொன்ன பட்டியலில பாரி, லில்யெக்ரென் ரெண்டு பேருக்கும் தாங்களே மேல போற விருப்பம். ப்ரோடி இடதுகைக்காரர், வலது பக்கத்தில நிக்கவைச்சது. அவர் கடைசி வருசம் களைச்சுப் போனார். ஷென்னுக்குப் பிறகு அந்த மாதிரி உடம்போட, வலதுகையோட, இளமையா வந்த முதல் ஆள் கார்லோதான். அவர் மார்ச்சிலதான் வந்தவர். முழுப் பயிற்சி முகாம் ஒண்டுகூட ரெண்டு பேரும் சேந்து செய்யேல்ல. கார்லோவுக்காக ஃப்ரேசர் மின்டனையும் முதல்சுற்றுத் தெரிவையும் குடுத்துப்போட்டு, அவர் ஆருக்குத் துணையா வந்தவரோ அவரை உடன விக்கிறதெண்டா எனக்கு விளங்கேல்ல.

எட்மன்டன் தம்பி

நான் ஒயிலர்ஸ் பக்கம், ஆனா இதைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கு. 2016 ஜூன் 29 எங்கட ஊரில மறக்கேலாத நாள். பின்வரிசை வேணும் எண்டு டெய்லர் ஹோலைக் குடுத்து அடம் லார்சனை எடுத்தம். ஹோல் ரெண்டு வருசத்தில லீக்கின்ர மிகச்சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை வெண்டவர். அதே நாள் மொன்றியல் பி.கே. சுப்பானைக் குடுத்து ஷே வெபரை எடுத்தது.

சுப்பான் ட்ரேட்டைப் பற்றி மொன்றியல்காரர் இண்டைக்கும் சண்டைபிடிக்கினம். நாஷ்வில் அடுத்த வருசமே சுப்பானோட இறுதித் தொடருக்குப் போனது. மொன்றியல் 2021-ல வெபரைத் தலைவரா வைச்சு இறுதித் தொடருக்குப் போனது. ரெண்டும் தோத்தது. அந்தத் தொடருக்குப் பிறகு வெபர் காயத்தால ஆடவேயில்லை. ஆனா ஒரு விசயம்: அதில ஒரு முதல்தரப் பின்வரிசைக்காரனுக்கு இன்னொரு முதல்தரப் பின்வரிசைக்காரன் நேரா வந்தவர். ரைலியைக் குடுத்தா அப்பிடி ஒருத்தர் வருவாரா?

நீலக்கோடு

தம்பி கேட்ட கேள்விதான் இந்த விவாதத்தின் மையம். ஆள் வருவாரா, வராட்டி என்ன வரும்?

இந்தக் கோடையில் கைமாறிய பின்வரிசைக்காரர்களைப் பாருங்கள். மொன்றியலுக்குப் போன நோவா டொப்சனுக்கு ஈடாக ஐலண்டர்ஸுக்குக் கிடைத்தது இரண்டு முதல்சுற்றுத் தெரிவும் எமில் ஹைனமனும். டொப்சனுக்கு 25 வயது, வலதுகை. மில்லருக்கு ரேஞ்சர்ஸுக்குக் கிடைத்தது நிபந்தனையோடு ஒரு முதல்சுற்று, ஓர் இரண்டாம் சுற்று, ஸ்கொட் மொரோ. அவருக்கும் 25. ரைலிக்கு இந்த விலையில் பாதிகூட வராது. 31 வயது, இடதுகை, ஐந்து வருட ஒப்பந்தம், ஊரைத் தானே தெரிவு செய்யும் உரிமை. முந்தைய பருவத்தைவிடப் புள்ளி நன்றாகக் குறைந்த பருவம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. விற்பதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது.

செல்வன் சொன்ன ஐந்து ஆட்டங்களைப் பற்றி. அந்த ஐந்தும் நினைவிருக்கிறது. செயின்ட் லூயிஸோடு இரண்டு, பிலடெல்பியா, அனஹைம், அரிசோனா. அந்தப் பருவத்தில் இவர்களில் ஒருவர்கூட பிளேஓஃபுக்குப் போகவில்லை. அனஹைமை 9-2 என்று வென்றதை வைத்துப் புளோரிடாவோடு யார் தேவை என்று முடிவெடுக்க முடியாது.

புளோரிடா தொடரின் மூன்றாவது ஆட்டத்தை எடுத்தீர்கள். அதில் 4-3 என்று பின்தங்கி நின்றபோது சமன்செய்த கோல் யாருடையது? ரைலியுடையது. பிறகு மேலதிக நேரத்தில் மார்ஷண்ட் அடித்தது ரைலியில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. ஊர் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டது. கார்டன்ஸ் ஐயா சொன்ன வழக்கம் இதுதான். முதலாவது ஆட்டத்திலும் கோல் போட்டார். அந்த 13 பிளேஓஃப் ஆட்டத்தில் நான்கு கோல். முன்வரிசையில் பெரிய சம்பளக்காரர்கள் ஏழாவது ஆட்டத்தில் என்ன செய்தார்கள் என்று எல்லாரும் பார்த்தோம்.

பக்கை வெளியே யார் கொண்டுபோனது என்று கேட்டீர்கள். ஒருவரும் கொண்டுபோகவில்லை, அதனால்தான் தோற்றோம். கூரை ஒழுகுகிறது என்பதற்காக யாரும் கதவைக் கழற்றி விற்கமாட்டார்கள். புளோரிடாவின் அழுத்தத்துக்கு மருந்து பக்கை வெளியே எடுக்கத் தெரிந்தவரைக் கூட்டுவது. இருக்கிற ஒருவரையும் குறைத்தால் அடுத்த மே மாதமும் அதே மூலையில் அதே கதிதான்.

ஒரு விடயம் மட்டும் என்னை உறுத்துகிறது. அதை யாரும் இன்னும் எழுதவில்லை. பயிற்றுநர் பெரூபேயின் முறையில் பக்கைக் கண்ணாடியில் அடித்து வெளியே எடு, எதிராளியின் பின்னால் போடு, ஓடிப்போய் மோது. டானெவுக்கும் மக்கேப்புக்கும் அது பொருந்துகிறது. ரைலிக்குப் பொருந்தவில்லை. கொண்டுபோகத் தெரிந்தவரைக் கண்ணாடியில் அடிக்கச் சொன்னால் அவர் சராசரி ஆளாகத்தான் தெரிவார். பெரூபே அதை மாற்றாவிட்டால், வைத்திருப்பதிலும் பயன் குறைவு.

மிசிசாகா மணி

அப்போ உண்மையான கேள்வி ரைலி பத்தி இல்ல, கோச் பத்தின்னு எடுத்துக்கலாமா? அந்த முறையிலதானே பிரிவுல முதலிடம் வந்தோம்? அதை மாத்தச் சொல்றது சரியா?

ஸ்காபரோ செல்வன்

மணி அண்ணா கேட்டதுதான் சரியான இடம்.

இந்த அணி பல வருசமா வடிவா விளையாடி முதல் சுற்றில தோத்த அணி. பெரூபே வந்து முதல் வருசமே பிரிவில முதலிடம், ஒட்டாவாவை வெண்டு ரெண்டாம் சுற்று, சம்பியனை ஏழு ஆட்டத்துக்கு இழுத்தது. அந்த முறை வேலை செய்யுது. அதுக்குப் பொருந்தாத ஒருத்தருக்காக முறையை மாத்து எண்டா, திரும்பவும் பழைய வழிக்குத்தான் போறம். மார்னரைப் போகவிட்டது அந்த வழியை விடத்தானே?

இன்னொரு பிரச்சினையை ஒருத்தரும் தொடேல்ல. எங்களிட்ட 2026 முதல்சுற்றுத் தெரிவு இல்லை, நிபந்தனையோட பொஸ்ரனுக்குப் போட்டுது. 2027-உம் இல்லை, லோட்டனுக்காகப் பிலடெல்பியாவுக்குப் போட்டுது. கையில உள்ள இளம் பின்வரிசைக்காரரில பெரிய பேர் பென் டான்ஃபோர்ட் மட்டும்தான், அவரும் இன்னும் ஜூனியரில. டானெவுக்கு டிசம்பரில 36. எக்மன்-லார்சனுக்கு 34. இன்னும் ரெண்டு வருசத்தில இந்தப் பின்வரிசை முழுக்கக் கிழடாகீடும். ஏதாவது ஒண்டை வித்துத்தான் புதுசு வாங்கவேணும். மத்யூஸையோ நைலாண்டரையோ விக்கப்போறீங்களா? இல்லை. அப்ப மிச்சம் ஆர்?

இண்டைக்குக் குறைஞ்ச விலைதான் கிடைக்கும், ஒத்துக்கொள்ளுறன். ஆனா 33 வயசில இதைவிடக் குறையும்.

கணக்குப்பிள்ளை

செல்வனின் கடைசிப் புள்ளி பலமானது, அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் விலை நேர்கோட்டில் இறங்குவதில்லை. முதல் பவர்பிளேக்குத் திரும்பி, ஜனவரிக்குள் 30 புள்ளியை நெருங்கினால், பிளேஓஃபுக்குப் போகிற ஏதாவதொரு அணிக்கு மார்ச்சில் வரும் ட்ரேட்டுக்கான கடைசி நாளில் இப்படிப்பட்ட ஆள் தேவைப்படலாம். அப்போது உச்சவரம்பு அடுத்த கோடையில் 104 ஆகப்போகிறது என்பதும் எல்லார் மனதிலும் இருக்கும். இன்று ஒரு முகாமையாளர் "பாதிச் சம்பளத்தை நீயே வைத்திரு" என்று கேட்பார். மார்ச்சில் அதைக் கேட்காமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

ரிங்க் அம்மா

அதுக்கும் ரைலி ஓம் எண்டு சொல்லவேணும். 2012-ல ஐஞ்சாவதாத் தெரிவுசெய்யப்பட்டு, ஒரே அணிக்கு எண்ணூறுக்கு மேல ஆட்டம் ஆடின மனுசன். மனைவி டெசா வேர்ச்சுவின்ர ஊரும் ஒன்ராறியோதான். அணி மோசமா இருந்த காலத்திலயும், நல்லா இருந்து வசந்தத்தில தோத்த காலத்திலயும் ஊடகத்துக்கு முன்னால வந்து நிண்டு கேள்விக்குப் பதில் சொன்னவர். அந்த உரிமையை ஒப்பந்தத்தில அவர் சும்மா வாங்கேல்ல. 2021-ல சந்தைக்குப் போயிருந்தா இன்னும் கூடக் கிடைச்சிருக்கும் எண்டுதான் அப்ப எல்லாரும் எழுதினவை. அந்தக் குறைஞ்ச காசுக்கு ஈடா வாங்கின உரிமையை இப்ப "ஏன் விட்டுத்தர மாட்டியள்" எண்டு கேட்கக்கூடாது.

கார்டன்ஸ் காலத்தவர்

பிள்ளை சரியாச் சொன்னீர். சம்மதம் கேட்டுக் கதவைத் தட்டினாலே வீரனுக்கு விளங்கீடும், தன்னை வேண்டாம் எண்டிட்டினம் எண்டு. பிறகு அவர் மாட்டன் எண்டா, அதே அறையில மத்தவையோட முகம் குடுத்து முழுப் பருவமும் ஆடவேணும். 2008-ல அதை நேர பாத்தம். கேட்கிறதெண்டா கையில உறுதியான ட்ரேட் ஒண்டு இருக்கேக்கதான் கேட்கவேணும்.

நீலக்கோடு

செல்வன், மணி இருவருக்கும் சேர்த்து.

முழு முறையையும் மாற்றச் சொல்லவில்லை. டானெவ், மக்கேப் சோடி கண்ணாடியில் அடித்து வெளியே எடுக்கட்டும், எதிரணியின் முதல் வரிசையை அவர்கள் பார்க்கட்டும். ரைலி, கார்லோ சோடிக்கு மத்யூஸோடோ நைலாண்டரோடோ ஒரே நேரத்தில் பனியில் இறங்க வாய்ப்புக் கொடுக்கட்டும், எதிராளி களைத்து நிற்கிற நேரத்தில், எதிர்முனையில் தொடங்குகிற ஆட்டங்களில். அப்போது கொண்டுபோக விடட்டும். முதல் பவர்பிளேயில் மத்யூஸ், நைலாண்டர், டவாரஸ், நைஸ் நால்வருக்கும் மேலே ரைலி நிற்கட்டும். எக்மன்-லார்சன் இரண்டாவது பவர்பிளேக் குழு. இதில் எதற்கும் ஒரு டொலர் செலவில்லை.

இதைக் கிறிஸ்மஸ் வரை நேர்மையாகச் செய்துபார்த்தும் ரைலி எழும்பாவிட்டால், உங்கள் பக்கம் வந்து நானும் ட்ரேட் கேட்பேன். அப்போதும் என் நிபந்தனை ஒன்றுதான்: பதிலுக்கு வருவதில் பக்கை எடுத்துக்கொண்டு நடுக்கோடு தாண்டக்கூடிய, 27 வயதுக்குக் குறைந்த ஒரு பின்வரிசைக்காரர் இருக்கவேண்டும். தெரிவுகள் மட்டும் என்றால் வேண்டாம்.

ஸ்காபரோ செல்வன்

27-க்குக் குறைஞ்ச ஆள் எண்டா ரைலியோட இன்னொண்டும் சேத்துக் குடுக்கவேண்டி வரும், அதுக்கு எங்களிட்ட ஒண்டும் இல்லை. என்ர விலை வேற: சம்பளத்தில ஒரு சதமும் வைச்சிருக்காமல், ஒரு ரெண்டாம் சுற்றுத் தெரிவும், மூண்டாம் வரிசையில ஆடக்கூடிய ஒரு பெடியனும். நாளைக்கு அது வந்தா நான் குடுப்பன். நீங்கள் குடுக்கமாட்டியள். அதில எங்களுக்குள்ள உடன்பாடு வராது.

ஆனா பவர்பிளே விசயத்தில நீங்கள் சொன்னது சரி. மார்னரும் இல்லாமல் திரும்பவும் ஐஞ்சு முன்வரிசைக்காரரை விட்டாங்கள் எண்டா, பிறகு ரைலியைக் குறை சொல்ல எனக்கும் வாய் வராது. ஒக்டோபர் 8 மொன்றியலோட முதல் ஆட்டம், சொந்த அரங்கில. டொப்சன் அங்கால நிப்பார். முதல் பெனால்ட்டி கிடைக்கேக்க பெரூபே ஆரை இறக்கிறார் எண்டு பாத்திட்டு இதே இழையில எழுதுறன்.